262 சதவீதமும் 51 நாட்களும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு பி.காம் மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வந்துவிடும். நடப்பு விகிதம் 2:1, விரைவு விகிதம் 1:1. இருந்தால் நிறுவனம் நலம், இல்லாவிட்டால் ஆபத்து. மார்க் உறுதி!

பெரம்பலூர் சின்ன வெங்காய வியாபாரிக்கு இது பொருந்தும். அரியலூர் சிமெண்ட் ஆலைக்கும் பொருந்தும். சரக்கை விற்றால் காசு வரும், கடனை அடைக்கலாம். ஆனால் வங்கிக்கு...? அதன் சரக்கே பணம்தான். மக்கள் போட்ட டெபாசிட் வங்கிக்குக் கடன். சேமிப்புக் கணக்கில் இருப்பதைக் கேட்ட அன்றே தரவேண்டும். அந்தப் பணமோ வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் பல வருடத்துக்கு வெளியே போயிருக்கும். 2:1 வைத்துக்கொண்டு எந்த வங்கியும் தொழில் நடத்த முடியாது.

"அதற்குத்தானே எல்.சி.ஆர். இருக்கிறது?" என்று சிலர் வருவார்கள். லிக்விடிட்டி கவரேஜ் ரேஷியோ. மேலே, உடனே காசாக்கக்கூடிய அரசுக் கடன் பத்திரம் போன்ற சொத்துகள். கீழே, அடுத்த 30 நாளில் நெருக்கடி வந்தால் வெளியேறும் நிகரப் பணம். 100 சதவீதம் இருந்தால் போதுமாம்.

சரி, கரூருக்குப் போவோம். திருச்சியைத் தாண்டினால் வந்துவிடும். 1926-ல் அங்கே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில், 2020 செப்டம்பர் 25-ம் தேதி பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வங்கி ஆறுதல் சொன்னது: எல்.சி.ஆர். சுமார் 262 சதவீதம், டெபாசிட்தாரர்கள் பயப்பட வேண்டாம்.

நவம்பர் 17-ம் தேதி மொரட்டோரியம் வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. டெபாசிட் தொடர்ந்து வெளியேறுகிறது, கையிருப்பும் குறைவு என்று ரிசர்வ் வங்கியே சொன்னது. 262-க்கும் இதற்கும் இடையில் வெறும் 51 நாட்கள்!

எங்கே தப்பு? அப்போதைய எல்.சி.ஆர். கணக்கில் சில்லறை டெபாசிட்டில் 5 முதல் 10 சதவீதம்தான் வெளியேறும் என்று ஓர் அனுமானம் இருந்தது. நம்பிக்கை போய்விட்டால் கூட்டம் அந்த அனுமானத்தைக் கேட்டுக்கொண்டு வராது. நம்பிக்கை ஏன் போனது என்பதற்கும் பதில் அதே வங்கியின் கணக்கிலேயே இருந்தது. 2020 மார்ச் முடிவில் மொத்த வாராக்கடன் 25.39 சதவீதம். குறைந்தது 9 இருக்க வேண்டிய மூலதன விகிதம் 1.12. மூன்று வருடம் தொடர் நஷ்டம்.

லிக்விடிட்டி ரேஷியோ ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும். கரை விரிசல் விட்டதைக் காட்டாது.

"கடைசியில் டெபாசிட் பத்திரமாகத்தானே இருந்தது?" என்றால், ஆமாம். ஆனால் காப்பாற்றியது 262 அல்ல. நவம்பர் 27-ல் நடந்த இணைப்பும், டி.பி.எஸ். கொண்டுவந்த 2,500 கோடி ரூபாயும்தான். பங்கு வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது பூஜ்யம்.

ரேஷியோவே வேண்டாம் என்பதல்ல வாதம். ஒரு வங்கியின் குறுகிய கால நலத்தைப் பார்க்க முதலில் மூலதனம், அடுத்து வாராக்கடன், கடைசியில் லிக்விடிட்டி. இந்த வரிசையை வகுப்பில் சொல்லித் தராதவரை, 2:1 எழுதி மார்க் வாங்கும் மாணவர் நாளைக்குத் தன் அப்பாவின் டெபாசிட்டை எந்த வங்கியில் போடச் சொல்வார்?