இன்ஜின் ஓடினால் ‘கொர்ர்ர்’... கடலில் கேட்காமல் போகும் குரல்!

“இன்ஜினை நிறுத்துனா செட்டு கண்ணாடி மாதிரி கேக்கும் தம்பி. ஸ்டார்ட் பண்ணா கொர்ர்ருனு ஒரே இரைச்சல். அதான் இந்தத் திருகை ஏத்தி வெச்சிடுவேன். சத்தமே வராது.”

காசிமேட்டில் ஒரு விசைப்படகின் ஓட்டுநர் அண்ணன், வயர்லெஸ் செட்டைக் காட்டி என்னிடம் சொன்னது இது. அவர் பெருமையாகச் சொன்ன அந்தத் திருகில்தான் விஷயமே இருக்கிறது.

அதன் பெயர் ஸ்குவெல்ச். வாசல் கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பலமான சிக்னல் வந்தால் ஸ்பீக்கரைத் திறக்கலாம் என்று அது முடிவு செய்யும். இரைச்சல் தாங்காமல் அதை ஏற்றினால் இரைச்சல் நிற்கும். கூடவே, தூரத்துப் படகிலிருந்து வரும் மெல்லிய குரலும் வெளியிலேயே நின்றுவிடும். செட்டில் லைட் எரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அண்ணனுக்கும் அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. இன்ஜின் பழுதாகி நின்ற அவருடைய மச்சான் படகு, பலமுறை கூப்பிட்டும் இவருக்குக் கேட்கவில்லை. வேறொரு படகு கேட்டுவிட்டு, கிட்டே வந்து சொன்னபிறகுதான் போயிருக்கிறார். “பக்கத்துலதான் இருந்தேன்” என்றவர், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடலில் ஆபத்து என்றால் உலகம் முழுக்க அழைக்கும் வி.எச்.எஃப். சேனல் 16. அலைவரிசை, 156.8 மெகாஹெர்ட்ஸ். அதில் வரும் குரலை அமுக்குவது யார்? எல்லோரும் இன்ஜினைத்தான் திட்டுகிறார்கள். ஆனால், டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. குற்றவாளி பெரும்பாலும் அதனுடன் சுற்றும் ஆல்டர்னேட்டர். இன்ஜின் வேகம் ஏற ஏற ‘ங்ங்ங்’ என்று கீச்சிட்டால் அதுதான். ஃபைபர் படகின் பெட்ரோல், மண்ணெண்ணெய் மோட்டார்களில் கதை வேறு. அங்கே பிளக்கின் பொறியே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன்! அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் தெருவில் போனால் டி.வி.யில் கோடு ஓடும் என்று அம்மா சொல்வார், அதே சங்கதி. ரெசிஸ்டர் வைத்த பிளக் மாற்றினாலே பாதி அடங்கும்.

இப்போது புது வில்லன், எல்.இ.டி. விளக்கு. உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. ஃபில்டர் இல்லாத மலிவு விளக்கு என்றால், அந்தச் சிதறல் வி.எச்.எஃப். வரை எட்டும். 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதற்காக ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அண்ணனின் படகில் ஆன்டெனாவும் எல்.இ.டி. விளக்கும் ஒரே கம்பத்தில், ஒரே டேப்பில், மாப்பிள்ளை பொண்ணு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. கரையிலேயே செய்யலாம். இன்ஜின், விளக்கு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆள் பேசாத ஒரு சேனலில், இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் ஸ்குவெல்ச்சை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் செட் கத்துகிறதோ, அதுதான் ஆள். நாங்கள் செய்தபோது இன்ஜினுக்குக் கொஞ்சம் முனகியது. கம்பத்து விளக்கைப் போட்டதும் அலறியது. “அட, இத்தனை நாளா இன்ஜினைத் திட்டிட்டிருந்தேனே!” என்றார் அண்ணன்.

ஆள் தெரிந்தால் மருந்து சுலபம். இரவில் வழிகாட்டும் விளக்கைக் கழற்றி வீசிவிட முடியாது. எனவே ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது ஃபில்டர் உள்ள நல்ல விளக்காக மாற்றுங்கள். விளக்கின் வயரில், விளக்குக்கு மிக அருகில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். செட்டுக்கான மின்சாரத்தை வழியில் எங்கேயோ ஒட்டுப்போட்டு எடுக்காமல் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களில் கொண்டுவாருங்கள். ஆல்டர்னேட்டரின் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்குங்கள். ஆன்டெனா கேபிளின் முனையைத் திறந்து பார்ப்பதும் முக்கியம். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் குரல் உள்ளே வராது, இரைச்சல் வரும்.

மறுநாள் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். “தம்பி, ஆன்டெனாவை கேபின் அந்தப் பக்கம் மாத்திட்டேன். திருகைப் பாதிக்கு இறக்கியாச்சு. இன்வெர்ட்டர் மட்டும் இன்னும் முனகுது. அதுக்கு என்ன பண்ணலாம், கேட்டுச் சொல்லு.”

கேட்டுக்கொண்டிருக்கிறேன் அண்ணே!