விதை யார் கையில்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

தஞ்சைத் தரணியைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று மேடைதோறும் புகழ்கிறோம். கரிகாலன் கட்டிய கல்லணையைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். களஞ்சியம் நிறைகிறது, உண்மைதான். ஆனால் அதை நிறைத்தவன் வீட்டுக் குதிரில் அடுத்த போகத்துக்கு விதை இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஏனெனில் நான் அந்த வீட்டிலிருந்து வருகிறேன்.

என் தந்தையார் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்த ஆண்டு, சம்பா நடவு முடிந்த பத்தாம் நாள் அடைமழை பிடித்தது. வடிகால் தூர்ந்து கிடந்ததால் ஒரு வாரம் வயலில் தண்ணீர் நின்றது. நட்ட பயிர் அழுகிப் போயிற்று. மீண்டும் நாற்று விட விதை வேண்டும். பழைய பாக்கி தீராமல் விதை இல்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. அன்றிரவு என் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: “எங்க காலத்துல தோடு இல்லாத வீடு உண்டு தம்பி, விதை இல்லாத வீடு கெடையாது.”

அந்த விதை எங்கே போயிற்று? அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்துப் பிரித்து, வெயிலில் காயவைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டுக் குதிரில் சேர்த்துவைத்த பழக்கம் எங்கே போயிற்று? 1960களில் நாட்டில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஐ.ஆர்.8, ஆடுதுறை 27 போன்ற புதிய ரகங்கள் வந்தன. விளைச்சல் பெருகியது, நாடு பசி தீர்ந்தது. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணின் பெருமை. ஆனால் புதிய நெல்லோடு புதிய பழக்கமும் வந்தது. உரம் கடையில், மருந்து கடையில் என்றாகி, கடைசியில் விதையும் கடையில் என்றாயிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இன்று அந்த உழக்கும் கடைக்காரர் பேரேட்டில் அல்லவா இருக்கிறது!

இந்த நிலையை மாற்றலாம் என்று நம் பக்கத்திலேயே ஒருவர் செய்து காட்டினார். திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டில் பிறந்த ஜெயராமன் அவர். 2003இல் இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடத்திய நடைப்பயணத்தில் கலந்துகொண்ட அவர், வழியில் உழவர்கள் தந்த பழைய நெல் விதைகளை வாங்கிப் பெருக்கத் தொடங்கினார். 2006இல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், பூங்கார் என்று ஏறத்தாழ 170 ரகங்களை அவர் மீட்டார். அதனால் ‘நெல்’ என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2018 டிசம்பர் 6ஆம் நாள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

அவர் செய்ததில் என் மனத்தைக் கவர்ந்தது ரகங்களின் எண்ணிக்கையன்று. அவர் வைத்த நிபந்தனை. திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதை இலவசம். ஆனால் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பணம் வேண்டாம், பத்திரம் வேண்டாம், பிணையாள் வேண்டாம்.

நண்பர்களே, இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் திருப்பும் 4 கிலோ இருவருக்குப் போகிறது. அந்த இருவர் தருவது நால்வருக்கு. இப்படியே தவறாமல் நடந்தால் பத்து ஆண்டுகள் கழித்து 1024 பேர்! இரண்டு கிலோ எம்மாத்திரம் என்று நகைக்க வேண்டாம். வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ விதைக்கிறோம். ஒற்றை நாற்று நடவுக்கோ 3 கிலோ போதும். 2 கிலோவைக் கொண்டு இரண்டு மா நடலாம்.

கணக்கைவிடப் பெரிது அதிலுள்ள மானம். தானம் வாங்குபவன் தலைகுனிந்து வாங்குகிறான். கடன் வாங்குபவன் பயந்து வாங்குகிறான். இங்கோ, வாங்கியவன் அடுத்த ஆண்டே கொடுப்பவனாகிறான். தற்சார்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஏழை உழவனுக்கு உதவ வரும் எந்தத் திட்டத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: மூன்றாம் ஆண்டிலும் அவன் கையேந்தி நிற்கிறானா, அல்லது மற்றவனுக்குக் கொடுக்கிறானா?

“பழைய நெல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்?” என்று என் தந்தையாரே கேட்கிறார். நியாயமான கேள்வி. பல ரகங்கள் உயரமாக வளர்ந்து காற்றில் சாய்கின்றன, விளைச்சலும் குறைவு. அவற்றின் அரிசிக்குப் பட்டணத்தில் நல்ல விலை என்கிறார்கள். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலைதான். குத்தகைக்காரன் குத்தகை நெல்லையும் அளந்தாக வேண்டும். ஆகவே வயல் முழுவதையும் மாற்றச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஒரு மாவில் தொடங்கலாம். பத்துப் பேர் சேர்ந்து நெல்லை அரிசியாக்கி விற்றால் இடைத்தரகருக்குப் போகும் காசு வீட்டுக்கு வரும்.

அதற்கும் மேலாக ஒன்று சொல்வேன். வழக்கு பழைய நெல்லுக்கும் புதிய நெல்லுக்கும் இடையே அன்று. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். வீரிய ஒட்டு ரகங்களைத் தவிர மற்ற நெல், தாயைப் போலவே பிள்ளை தரும். கலப்பு நீக்கிக் கவனமாக எடுத்தால், ஆடுதுறை ரகங்களையும் சில போகங்களுக்கு வீட்டு விதையாகவே வைத்துக்கொள்ளலாம். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், நிறுவன முத்திரையிடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை அளிக்கிறது. 2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. இயற்கை இடம் தருகிறது, சட்டம் இடம் தருகிறது, அரசும் கைகொடுக்கிறது. குறைவது நம் முயற்சி ஒன்றே.

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் கருவை மண்டிக் கிடக்கும் இடத்தில் ஒரு மாவைத் திருத்தித் தாருங்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். ஆளுக்கொரு படி விதை கொண்டு வருகிறோம். முளைப்புத் திறனை நம் ஆய்வுக்கூடத்திலேயே சோதிப்போம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊரில் 2 கிலோ கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோ வாங்கி, அடுத்த ஊருக்குக் கொடுப்போம்.

அம்மாவின் தோடு இன்னும் மீளவில்லை. நான் வேலைக்குப் போய் அதை மீட்பேன். ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொரு தோடு விதைக்காகக் கழற்றப்படாமல் இருக்க, வேலை கிடைக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு படி விதை போதும். வரும் ஆடியில் தொடங்குவோம், வாருங்கள்!