எல்லா ஸ்மார்ட்போனிலும் என்எஃப்சி இருக்க வேண்டும்

இந்தியாவில் பணம் கொடுக்க க்யூஆர் கோடு போதும் என்பது ஏறக்குறைய தீர்ப்பாகிவிட்ட வழக்கு. அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. 2016இல் தொடங்கப்பட்ட யுபிஐ வழியாக 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இளநீர் வண்டியில் தொடங்கி நகைக்கடை வரை, ஓர் அச்சிட்ட தாள் கல்லாப்பெட்டியின் வேலையைச் செய்கிறது. இந்த நிலையில், போனைக் கருவிக்கு அருகில் கொண்டுபோனாலே வேலை முடிந்துவிடும் என்கிற என்எஃப்சி யாருக்குத் தேவை? விலை உயர்ந்த போன்களின் அலங்காரம் என்றுதான் பலரும் அதை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். க்யூஆர் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட நாட்டில்தான் அதன் துணைக்கு என்எஃப்சி வேண்டும் என்பது என் வாதம். இங்கே விற்கப்படும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் அது இருக்க வேண்டும். யுபிஐ செயலிகளும் பயண அட்டைகளும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்த வழி இருக்க வேண்டும். இவ்விரண்டையும் சந்தையின் விருப்பத்துக்கு விடாமல் அரசு விதியாக்க வேண்டும்.

என்எஃப்சி புதிய விந்தை ஒன்றுமில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சுமார் நான்கு சென்டிமீட்டர் நெருக்கத்தில் மட்டும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் முறை அது. படிக்கும் கருவி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எதிரே வரும் அட்டைக்குள் இருக்கும் சில்லு, தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் புலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. மெட்ரோ அட்டைக்கு பேட்டரி தேவைப்படாத ரகசியம் இதுதான். நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2004இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. ஜப்பானில் 2006 முதலே சுய்கா என்ற ரயில் அட்டை போனுக்குள் வந்துவிட்டது. இந்தச் சில்லு உள்ள போன் தானே அட்டையாக இயங்கும், வேறு அட்டைகளைப் படிக்கும், இன்னொரு போனோடு நேரடியாகவும் பேசும். வேகம் குறைவுதான், படமோ பாட்டோ அனுப்ப உதவாது. ஆனால் ‘இந்தக் கணக்கு, இவ்வளவு தொகை’ என்ற சிறு செய்தியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதுகாப்பாகக் கைமாற்ற அது தாராளம்.

க்யூஆர் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் இதன் தேவை புரியும். முதல் இடம் பேருந்து. நடத்துநர் டிக்கெட் கருவியில் க்யூஆரைக் காட்ட, பயணி போனைத் திறந்து, செயலியைத் திறந்து, ஆடும் பேருந்தில் கேமராவை நேராகப் பிடித்து, ரகசிய எண்ணை அடித்து, சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் இப்படி நின்றாலே அடுத்த நிறுத்தம் வந்துவிடுகிறது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் 2012இல் பேருந்துகளிலும் 2014இல் சுரங்க ரயிலிலும் வங்கி அட்டைகளைத் தொட்டுச் செல்ல அனுமதித்தபோது, வாயிற்கதவு அரை நொடிக்குள் திறக்க வேண்டும் என்பதைத்தான் அடிப்படைக் கணக்காக வைத்துக்கொண்டது. நம் நாட்டில் 2019இல் அறிமுகமான தேசியப் பொதுப் பயண அட்டையும் அதே நோக்கில் உருவானது. இருப்புத் தொகை அட்டையின் சில்லிலேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் வங்கியின் சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சென்னை மெட்ரோவில் 2023இலும் மாநகரப் பேருந்துகளில் 2025 தொடக்கத்திலும் வந்த சிங்காரச் சென்னை அட்டை இந்த வகைதான். ஆக, படிக்கும் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு பேசக்கூடிய போன்தான் பெரும்பாலான பயணிகளின் கையில் இல்லை.

இரண்டாவது இடம், நெட்வொர்க் இல்லாத இடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த ஊர்களில் ஏடிஎம் இயங்காது, க்யூஆர் தாளுக்கும் வேலை இல்லை. இதில் கசப்பான செய்தி ஒன்று உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பரில்தான் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் ‘யுபிஐ லைட் எக்ஸ்’ என்ற முறையை அறிமுகப்படுத்தியிருந்தது. கொடுப்பவர், பெறுபவர் இருவருக்குமே இணையம் இல்லாவிட்டாலும், இரண்டு போன்களை ஒன்றையொன்று தொடவைத்துச் சிறு தொகையைக் கைமாற்றலாம். இரண்டு போனிலும் என்எஃப்சி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏழை எளியோருக்கு அவசரத்தில் கைகொடுக்க வேண்டிய திட்டம், விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்கான வசதியாகச் சுருங்கிவிட்டது. புயலும் வெள்ளமும் இல்லாத நாளிலும் யுபிஐ படுத்துவிடுவதுண்டு. 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடெங்கும் பணம் போகாமல் மக்கள் கடை வாசலில் நின்றதை மறந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது இடம் பலர் கண்ணிலும் படுவதில்லை. பார்வை மாற்றுத்திறனாளிகளின் சிரமம் அது. மேசைமேல் எங்கோ இருக்கும் கட்டத்தை நோக்கிக் கேமராவைக் குறிவைப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுக்க நேர்ந்தால் பணத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஆபத்து. தொட்டுச் செலுத்தும் முறையில் குறிபார்க்கத் தேவையில்லை. போன் அதிர்ந்தாலோ ஒலித்தாலோ அதுவே ரசீது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கு அது என்றாலும், தீர்ப்பின் உட்பொருள் பணம் செலுத்தும் முறைகளுக்கும் பொருந்தும்.

க்யூஆரால் வளர்ந்த மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? க்யூஆர் வழிக் கட்டணத்துக்குத் தாயகம் என்று சொல்லத்தக்க சீனாவில், அலிபே நிறுவனம் 2024 ஜூலையில் கடைகளில் போனைத் தொட்டுச் செலுத்தும் முறையைத் தொடங்கியது. நம் யுபிஐயைப் போலவே மத்திய வங்கியின் முயற்சியால் 2020இல் பிறந்த பிரேசிலின் பிக்ஸ், 2025 பிப்ரவரி இறுதியில் என்எஃப்சி வழியைத் திறந்தது. இரண்டு நாடுகளும் க்யூஆரைக் கைவிடவில்லை. கூட்டமும் அவசரமும் உள்ள இடங்களுக்கு இன்னொரு வழியைச் சேர்த்துக்கொண்டன. காலக்கணக்கில் இந்த இருவரையும் முந்தியது இந்தியாதான். ஆனால் நம் திட்டம் காகிதத்தில் முந்தியது, கடைத்தெருவுக்கு வரவில்லை. காரணம் எளிது. வாடிக்கையாளர் கேட்கவில்லை என்று போன் நிறுவனங்கள் சில்லை வைப்பதில்லை; போனில் இல்லாததால் கடைக்காரர் கருவி வாங்குவதில்லை; கருவி இல்லாததால் வாடிக்கையாளர் கேட்பதில்லை. ஒரே மாடல் ஐரோப்பாவில் என்எஃப்சியோடும் இந்தியாவில் அது இல்லாமலும் விற்கப்படுவது கைபேசிச் சந்தையைக் கவனிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். இந்தச் சுழலை விலைப்போட்டி உடைக்காது. யாராவது ஒருவர் முதலில் இறங்கியாக வேண்டும். விதி இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

சில்லு இருந்தால் மட்டும் போதாது, அதன் சாவி யாரிடம் என்ற கேள்வியும் இருக்கிறது. ஐபோனில் 2014 முதல் என்எஃப்சி உண்டு. ஆனால் கடையில் தொட்டுச் செலுத்தும் வேலையை ஆப்பிள் தன் சொந்தக் கட்டணச் சேவைக்கு மட்டும் பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்திருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2020இல் விசாரணையைத் தொடங்கி, 2024 ஜூலையில் ஓர் உடன்பாட்டைப் பெற்றது: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் பிற நிறுவனங்களின் செயலிகளுக்கும் பத்தாண்டு காலம் கட்டணமின்றி வழிவிட வேண்டும். அடுத்த மாதமே அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரேசில் உள்ளிட்ட ஏழு நாடுகளுக்கு ஆப்பிள் இந்த வழியைத் திறப்பதாக அறிவித்தது. ஆனால் அங்கே ஒப்பந்தமும் கட்டணமும் உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்கள் பொருத்தி அனுப்பும் போன் லண்டன் சுரங்க ரயிலின் கதவைத் தொட்டுத் திறக்கிறது. கோயம்பேடு மெட்ரோவில் அதே போனின் திரையில் க்யூஆர் டிக்கெட்டைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. கேட்ட நாடுகளுக்குக் கதவு திறந்தது. கேட்கும் வலு நமக்கும் உண்டு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகவும் கனமானது கட்டணம் பற்றிய அச்சம். யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை. தொட்டுச் செலுத்தும் பழக்கம் பரவினால் மக்கள் மெல்ல விசா, மாஸ்டர்கார்டு பக்கம் நகர்வார்கள், டீக்கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் வங்கிக்குப் பங்கு கொடுக்க நேரும் என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அது என்எஃப்சியின் குற்றமில்லை. சில்லு வழியே அட்டைப் பணமும் போகலாம், யுபிஐயும் போகலாம். பொது முறையைக் கட்டணமின்றி அதில் ஓடவைக்காமல் ஒதுங்கி நின்றால்தான் களம் முழுவதும் அட்டை நிறுவனங்களுக்குப் போய்ச்சேரும். வசதியானவர்களின் போன்களில் என்எஃப்சி எப்படியும் வந்துகொண்டிருக்கிறது. அதில் எந்தப் பணம் ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான்.

அடுத்தது பாதுகாப்பு. கூட்டத்தில் யாரோ கருவியைப் பையருகே கொண்டுவந்து பணத்தை உருவிவிடுவார்கள் என்ற பயம் பரவலாக உண்டு. இது அட்டைக்கு ஓரளவு பொருந்தும். ரகசிய எண் இல்லாமல் ரூ.5,000 வரை அட்டையைத் தொட்டுச் செலுத்த ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி முதல் அனுமதித்திருக்கிறது. போன் இதைவிடப் பத்திரம். பூட்டிய போன் பொதுவாகக் கடையில் பணம் கொடுக்காது. அட்டையின் உண்மையான எண்ணும் கடைக்காரரிடம் போவதில்லை, அதற்கு ஈடான மாற்று எண்தான் போகிறது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. செக் நாட்டில் நடந்த ஒரு மோசடியை ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் வெளிப்படுத்தியது. வங்கியிலிருந்து பேசுவதாக நம்பவைத்து, ஒரு செயலியை நிறுவச் சொல்லி, வங்கி அட்டையைப் போனின் பின்புறம் வைக்கச் சொல்லி, அந்தத் தகவலைத் தொலைவிலுள்ள திருடனின் போனுக்குக் கடத்தி ஏடிஎம்மில் பணம் எடுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர் மனிதர், சில்லு உடைபடவில்லை. ஓடிபியைச் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னதுபோல, யார் கேட்டாலும் அட்டையைப் போன்மேல் வைக்காதே என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். கடையில் ஒட்டிய க்யூஆர் மேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்கள் இருக்கும் நாட்டில், பழைய முறை மட்டும் பத்திரமானது என்று வாதிட முடியாது.

மூன்றாவது, விலை. கட்டாயமாக்கினால் மலிவு போன்களின் விலை கூடும் என்பார்கள். சில்லும் ஆன்டெனாச் சுருளும் சோதனையும் சேர்ந்தால் செலவு கொஞ்சம் கூடும்தான். ஆனால் ஒரு நாடு முழுமைக்கும் கொள்முதல் பெருகும்போது உதிரிபாகத்தின் விலை இறங்கும் என்பது கைபேசித் தொழிலில் திரும்பத் திரும்பக் கண்டது. போனில் என்ன இருக்க வேண்டும் என்று அரசு விதிப்பதும் புதிதல்ல. 2016இல் வெளியிட்ட விதிகளின்படி, ஆபத்துக்கால அழைப்புப் பொத்தான் 2017 முதலும் ஜிபிஎஸ் வசதி 2018 முதலும் கட்டாயமாயின. எல்லா போன்களிலும் 22 இந்திய மொழிகளைப் படிக்க முடிய வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த விதியால்தான் மலிவு போனிலும் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. அப்போதும் தொழில்துறை செலவைத்தான் பேசியது. இன்று அதை யாரும் சுமையாக நினைப்பதில்லை.

ரொக்கத்தின் இடத்தில் என்எஃப்சியை உட்காரவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தொடுதலும் ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. தன் செலவைப் பிறர் அறியக் கூடாது என்று நினைப்பவருக்கும் ஸ்மார்ட்போனே இல்லாதவருக்கும் நோட்டும் சில்லறையும் தடையின்றிச் செல்லுபடியாக வேண்டும். அந்த எல்லைக்குள் நின்று, செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. போனில் என்எஃப்சி உண்டா இல்லையா என்பதைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட மத்திய அரசு உடனே உத்தரவிடலாம். ஒரு விலைவரம்புக்கு மேற்பட்ட போன்களில் முதலிலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லா ஸ்மார்ட்போன்களிலும் அதைக் கட்டாயமாக்கலாம். யுபிஐக்கும் தேசியப் பயண அட்டைக்கும் என்எஃப்சியைக் கட்டணமின்றித் திறந்துவிடுவதை இங்கே போன் விற்பதற்கான நிபந்தனையாக்கலாம். தமிழக அரசு தன் பங்குக்கு, பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் இனி வாங்கும் ஒவ்வொரு கருவியும் யுபிஐ தொடுதலை ஏற்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. முறை தயாராக இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. மிச்சமிருப்பது ஓர் அரசாணை மட்டுமே.