ஆங்கிலம் போர்த்திய சொற்கள்

பாமசிக்குப் போய் "பேட் ஒரு பக்கட்" என்று கேட்க நமக்கு வாய் வருகிறது. "மாதவிடாய்" என்று சொல்லத்தான் வருவதில்லை. ஓர்ஸ் ஹில்லில் வாங்கினாலும் திருகோணமலை நகரத்தில் வாங்கினாலும் அந்தப் பக்கட்டைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தருகிறார்கள். பொருளை மறைக்கத் தாள். சொல்லை மறைக்க ஆங்கிலம்.

உயர்தரத்தில் தமிழ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை நன்னூல் 'இடக்கரடக்கல்' என்கிறது. 'கால் கழுவி வந்தான்' என்றால் பாட்டிக்கும் விளங்கும், பேத்திக்கும் விளங்கும். மறைத்தாலும் விளங்கவைப்பதுதான் அந்த மரபின் அழகு. இன்று நாம் போர்த்தும் ஆங்கிலம் அப்படி விளங்குகிறதா?

'பீரியட்' என்றால் ஒரு காலப்பகுதி, அவ்வளவுதான். 'டொய்லட்' என்பது பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு துணியைக் குறித்த சொல். ஆங்கிலேயரும் கூச்சத்தால் இடக்கரடக்கிய சொற்களைத்தான் நாம் வெளிப்படையான சொற்கள் என்று நம்பி எடுத்திருக்கிறோம். 'மாதவிடாய்' என்ற சொல்லில் என்ன அசிங்கம் இருக்கிறது? அசிங்கம் சொல்லில் இல்லை, நாம் அதைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. ஒரு பிள்ளை தன் உம்மம்மாவிடம் "டிஸ்சார்ஜ் கூட இருக்கு" என்றால், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டுவதைத்தான் அவர் நினைப்பார். 'வெள்ளைபடுதல்' என்று சொன்னால் கைமருந்தும் சொல்வார், டொக்டரிடமும் கூட்டிப்போவார். வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "சுகமில்லை டீச்சர்" என்று மட்டும் சொல்லும் பிள்ளைக்குப் பனடோல்தான் கிடைக்கும். பத்து நாளாக இரத்தம் நிற்கவில்லை என்பதை அவள் யாரிடம், எந்தச் சொல்லால் சொல்வாள்?

"நாணம் ஈமானின் ஒரு பகுதியல்லவா?" என்று பெற்றோர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நம் மார்க்கம் இந்த விடயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. அல்பகரா சூராவின் 222ஆவது வசனம் மாதவிடாயைப் பெயர் சொல்லியே பேசுகிறது. ஸஹீஹுல் புகாரியில் அதற்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்றுதான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டினார்கள். மத்ரஸாவில் ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா என்று சட்டம் படிக்கும்போது நாமும் கூசுவதில்லை. அரபியில் அது கல்வி, ஆங்கிலத்தில் அது நாகரிகம், தமிழில் மட்டும் அது வெட்கமா? அந்தத் தமிழில்தானே நாம் உம்மாவோடு பேசுகிறோம்!

நாம் பேசாதிருந்தாலும் நாடு இதைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இறக்குமதியாகும் ஆரோக்கியத் துவாய்களுக்கு இலங்கையில் 2018 வரை 101.2 வீத வரி இருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அது 62.6 வீதமாகக் குறைந்தது. 2024இல் பாடசாலை மாணவிகளுக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டம் வந்தது. பெண்கள் வெளிப்படையாகப் பேசிக் கேட்டதால்தான் இவை நாட்டின் பேச்சாயின.

சந்தியில் நின்று உரத்துச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. எங்கே, யாரிடம் பேசுவது என்பதை நாணம் தீர்மானிக்கட்டும். ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசுவதற்குச் சொல் வேண்டும். உம்மாமாரே, பிள்ளை பெரியபிள்ளை ஆவதற்கு முன்பே அந்தச் சொற்களை உங்கள் வாயால் சொல்லிக் கொடுங்கள். தன் உடம்பின் பெயர்களைத் தாயிடம் கற்ற பிள்ளைக்குத்தான், வலி வந்தாலும் யாரும் தவறாகத் தொட்டாலும், தாயிடம் ஓடிவந்து சொல்லத் தெரியும்.