ஐந்தாவது ஏப்ரல் எப்போது வரும்?



என் சித்தப்பா மகனை உங்களில் பலருக்குத் தெரியும். இன்றும் சென்னிமலையில் பெட்ஷீட் தறி போடுகிறவன். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தவனுக்கு மறு பரிசோதனைக்குத் தமிழில் மெசேஜ் வந்தது: "04/05 அன்று உங்கள் சந்திப்பு". மே 4 அன்று போய் நின்றான். வரவேண்டிய நாள் ஏப்ரல் 5. சொட்டு மருந்தை மாற்ற வேண்டிய நாளும் அதுதான். "நாலாந்தேதி அஞ்சாம் மாசம்னுதானுங்கண்ணா போட்டிருக்குது" என்கிறான். அவன் படித்ததில் என்ன தப்பு? நம் நாட்டில் நாள்தானே முதலில் வரும்! மாதத்தை முன்னால் போடுவது அமெரிக்க வழக்கம்.

அதே இடத்து ஆங்கில மெசேஜில் ஏப்ரல் 5 என்று மாதப் பெயரோடு, எண்ணுக்குப் பின்னால் 'த்' வாலோடு சுத்தமாக இருந்ததாம். ஆங்கிலத்துக்கு 'ஸ்ட், ண்ட், ர்ட், த்' என்று நாலு வால். எந்த எண்ணுக்கு எந்த வால் என்று கணக்குப் போட்டு எழுத ஆள் இருக்கிறது. தமிழுக்கு ஒரே 'ஆம்'தான், அதைப் போட ஆளில்லை.

முறையிட்டோம். திருத்தினார்கள்: "5வது ஏப்ரல்". அடக் கடவுளே! ஐந்தாவது பையன் என்றால் வரிசையில் ஐந்தாமவன். ஐந்தாவது ஏப்ரல் என்றால் நாலு ஏப்ரல் போய் அடுத்து வரும் ஏப்ரல் மாதம். தேதிக்கு 'ஏப்ரல் 5-ஆம் தேதி' என்பதுதான் தமிழ். ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இரவு எட்டரைக்கு 'பிற்பகல் 8:30' என்று போன் காட்டுவதும் இதே வேலைதான்.

"தமிழ்ல யார் சார் பாக்கறாங்க, கஷ்டம் சார்" என்று மென்பொருள் துறையில் இருக்கும் மாணவன் ஒருவன் சொன்னான். கஷ்டமா? துருக்கி மொழியைப் பார், கண்ணு. வரிசை எண்ணை எழுத்தில் எழுதினால் ஒன்றுக்கு 'இஞ்சி', மூன்றுக்கு 'உஞ்சு' என்று முன்னால் வரும் உயிரொலிக்குத் தக்கபடி விகுதி மாறும். இலக்கத்துக்குப் பின் ஒரு புள்ளி வைத்தாலும் போதும். தேதிக்கோ அதுவும் வேண்டாம். '5 நிசான்' என்றாலே ஏப்ரல் 5. அந்த மொழிக்கு வழி கண்டவர்களுக்குத் தமிழ் எப்படிக் கஷ்டமாகும்? யூனிகோடு அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவில் தமிழ் மாதப் பெயர், கிழமை, அதிகாலை, மாலை, இரவு எல்லாம் இலவசமாகவே கிடக்கின்றன. எடுத்துப் போட மனசு வேண்டும்.

நம் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள்: வருடம், மாதம், நாள், கிழமை என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வரும். கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 8601 முறையிலும் வருடம், மாதம், நாள் என்ற அதே வரிசைதான்! நம் அச்சகத்துக்காரருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே, நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் திரையில் தமிழ்த் தேதி எப்படி வருகிறது என்று பாருங்கள். போட்டோ எடுத்துக் கீழே கமென்ட்டில் போடுங்கள், இங்கேயே திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

தம்பிக்கு அடுத்த பரிசோதனை நாளை நானே நேரில் கேட்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.