பட்டம் வாங்கியாச்சு... அடுத்து விசாவா?

திருச்சி ஜமால் முகம்மதுவில், சென்னை புதுக்கல்லூரியில், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பாவில் இறுதியாண்டு படிக்கும் நம் பிள்ளை ஒருவனை நிறுத்தி, "அடுத்து என்ன தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "மச்சான் துபாயில் இருக்கார், விசா அனுப்புவார்" என்பான். இல்லையென்றால் "வாப்பா கடை இருக்கு" என்பான். மூன்று வருடம் படித்த படிப்புக்கு இந்தப் பதிலில் எங்கே இடம்?

வளைகுடா நமக்காகக் காத்திருக்குமா? சொந்த நாட்டவருக்கு வேலை தராத நிறுவனங்களை நெருக்க 2011லேயே 'நிதாகத்' கொண்டு வந்தது சவூதி. 87 வகை வேலைகளுக்கு வெளிநாட்டவர் விசாவை 2018 ஜனவரியில் நிறுத்தியது ஓமன். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் திறன்சார் பணிகளில் ஆண்டுக்கு 2 சதவீதம் உள்நாட்டவரைக் கூட்ட வேண்டும் என்று 2022ல் விதித்தது அமீரகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் வேலை தேடுகிறார்கள். நாம்?

ஐ.ஏ.எஸ்.ஸில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம் என்று 2006ல் சச்சார் குழு சொன்னபோது மேடை மேடையாகக் கொதித்தோம். 2007ல் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. வீதியில் இறங்கிக் கேட்டது! ஆனால் கொதித்தவர்களில் எத்தனை பேர் வீட்டிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒரு விண்ணப்பம் போனது?

விண்ணப்பிக்கிறவனும் விவரம் தெரியாமல் கோட்டை விடுகிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவருக்கு மாநிலப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலேயே வாங்கி வைக்க வேண்டும். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் உருது பேசும் ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகள் இதைக் குறித்துக் கொள்ளட்டும். மத்திய அரசுத் தேர்வுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லாது. ஓ.பி.சி. சான்றிதழைத் தாசில்தாரிடம் தனிப்படிவத்தில் பெற வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என எத்தனை வீட்டில் அந்தக் காகிதம் இருக்கிறது?

அரசு வேலை மட்டும்தான் வேலை என்று சொல்ல வரவில்லை. கடைக்கே வரட்டும்! ஆனால் பி.காம். முடித்தவன் கல்லாவில் சில்லறை எண்ணுகிறான், ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்க்க வெளியாளுக்குக் காசு கொடுக்கிறோம். இது என்ன வியாபாரம்? வணிகவியலில் 55 சதவீதம் எடுத்தவன் நுழைவுத் தேர்வே எழுதாமல் சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். சொல்லத்தான் ஆளில்லை. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். பட்டத்தை நிக்காஹ் பத்திரிகையில் போடுவதோடு சரி!

வியாபாரப் பெருமக்களே! ஒரு வேளை வலீமா விருந்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் சென்னையில் தங்கிப் படிக்கும் செலவைக் கொடுக்கலாமே! ஜமாஅத் நிர்வாகிகளே! சந்தா பாக்கி யார் யார் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. இந்த வருடம் மஹல்லாவில் பட்டம் முடிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று எந்த நோட்டில் இருக்கிறது?