பாலைவனம்தானே என்று விட்டுவிடலாமா?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, ராஜஸ்தானின் பார்மேர் நகரில் வெயில் 45.6 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நாளில் அங்கே வழக்கமாக அடிக்கும் வெயிலைவிட இது 6.8 டிகிரி அதிகம். தமிழ் நாட்காட்டியில் அப்போது பங்குனிகூட முடியவில்லை. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் நான்கு வாரம் பாக்கி இருந்தது.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம் இதுதான்: "தார் பாலைவனத்தில் வெயில் அடிப்பது ஒரு செய்தியா? கடலில் அலை அடிக்கிறது என்று சொல்வதுபோல் அல்லவா இருக்கிறது! அங்கே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும்."

இந்த "பழகிப்போயிருக்கும்" என்ற வார்த்தைதான் ஆபத்தானது. பாலைவன மக்கள் வெயிலைத் தாங்குவது உடம்பில் இரும்பு இருப்பதால் அல்ல. வெயில் எப்போது வரும், எப்போது போகும் என்று கணக்கு வைத்திருப்பதால்தான். விதைப்பு, அறுவடை, தண்ணீர்ச் சேமிப்பு, வேலை நேரம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. வெயில் ஒரு மாதம் முன்னதாக வந்தால் அந்தக் கணக்கு மொத்தமும் உடைந்துபோகிறது. மே மாதத்து 48 டிகிரியைச் சமாளிக்கத் தெரிந்த ஊர், ஏப்ரல் முதல் வாரத்து 45 டிகிரியில் தடுமாறுவது இதனால்தான்.

வெயிலுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு

தமிழ்நாட்டுக்கு அக்னி நட்சத்திரம் எப்படியோ, அப்படி ராஜஸ்தானுக்கு "நவ்தபா". சூரியன் ரோகிணி நட்சத்திரத்தில் நுழையும்போது, மே 25 வாக்கில் தொடங்கும் ஒன்பது நாட்கள். இந்த ஒன்பது நாளும் நன்றாகக் காய்ந்தால் மழை நன்றாகப் பெய்யும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. பெரிய வெயில்கள் பதிவானதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். பலோடியில் 51 டிகிரி பதிவானது 2016 மே 19 அன்று. சூருவில் 50.5 டிகிரி பதிவானது 2024 மே 28 அன்று.

அந்த உச்சத்துக்கு ஊர் தயாராக இருக்கும். ரபி பருவ அறுவடை முடிந்திருக்கும். வேலை நேரம் அதிகாலைக்கு மாறியிருக்கும். மதியத்தில் கடைவீதி அடங்கிவிடும். முக்கியமாக, உடம்பும் தயாராக இருக்கும். மார்ச், ஏப்ரல் என்று படிப்படியாக ஏறும் வெயில்தான் உடம்புக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை, மருத்துவ உண்மை. புதிய வெப்பத்துக்கு மனித உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது, ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது. அதற்குள் திடீரென்று ஏழு டிகிரி ஏறினால் பாலைவனத்தில் பிறந்து வளர்ந்தவருடைய உடம்பும் தவிக்கத்தான் செய்யும். வெட்டவெளியில் வேலை செய்து வெப்பத்தால் இறப்பவர்களில் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேற்பட்டவர்கள், வெயிலில் வேலை தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இறந்துவிடுகிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை எச்சரிக்கிறது. ஜோத்பூர் மணற்கல் குவாரியில் கல் உடைப்பவருக்கும் இதே உடம்புதானே?

2022 சொன்ன பாடம்

பார்மேர் முதல் எச்சரிக்கை அல்ல. 2022 மார்ச் மாதம், இந்தியாவில் 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.1 டிகிரி. அந்த மாதம் பெய்ய வேண்டிய மழையில் 71 சதவீதம் பெய்யவே இல்லை.

காரணம் என்ன? குளிர்கால முடிவில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் "மேற்கத்திய இடையூறுகள்" என்ற மழை மேகங்கள்தான் வடமேற்கு இந்தியாவை மார்ச் மாதத்தில் அவ்வப்போது குளிர்விக்கும். அந்த ஆண்டு அவை நல்ல மழை தரவில்லை. மேற்கு ராஜஸ்தான் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொண்டது. மேகம் இல்லை, மழை இல்லை, பாகிஸ்தான் பக்கமிருந்து வறண்ட சூடான காற்று மட்டும் வந்தது. இப்படிப்பட்ட வானிலை அமைப்புகள் முன்பும் வந்திருக்கின்றன. ஆனால் ஏற்கனவே சூடாகிவிட்ட பூமியின் மேல் அவை வரும்போது விளைவு வேறு. அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பத்துக்கான வாய்ப்பை, மனிதர்களால் ஏற்பட்ட காலநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு அதிகமாக்கியது என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்கிட்டது.

அடி எங்கே விழுந்தது தெரியுமா? கோதுமையில். மார்ச் மாதம் கோதுமைக் கதிரில் பால் பிடித்து மணி திரளும் காலம். அப்போது சூடேறினால் பயிர் அவசரமாக முதிர்ந்துவிடும், மணி சுருங்கிவிடும். பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில் கால்வாய்ப் பாசனத்தால் கோதுமை விளையும் கங்காநகர், ஹனுமான்கட் மாவட்டங்களும் பஞ்சாபும் ஹரியானாவும் இருப்பது இதே வெப்பப் பாதையில்தான். 11.1 கோடி டன் விளையும் என்று முதலில் எதிர்பார்த்த அரசு, மே மாதத்தில் அதை 10.6 கோடி டன்னாகக் குறைத்தது. 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. இதே வெயில் இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் கோதுமைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது களத்தில் இருந்திருக்காது, மூட்டையில் இருந்திருக்கும்!

தண்ணீர்க் கணக்கு

பாலைவனத்து வீடுகளில் "டாங்கா" என்ற நிலத்தடித் தொட்டி உண்டு. பருவமழையில் விழும் தண்ணீரை வழித்து உள்ளே விட்டு, மூடி போட்டு, அடுத்த மழை வரை அளந்து அளந்து செலவழிப்பார்கள். பருவமழை அங்கே எட்டுவதற்கே ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். வெயில் ஒரு மாதம் முன்னதாக வந்தால் மனிதருக்கும் ஆடு மாடு ஒட்டகத்துக்கும் தண்ணீர்த் தேவை ஒரு மாதம் முன்னதாகவே ஏறும். ஆனால் தொட்டியில் இருப்பது அதே தண்ணீர்தான். மழை ஒன்றும் முன்னதாக வரப்போவதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேற்கு ராஜஸ்தானின் பல மாவட்டங்களுக்குக் குடிநீர் தருவது இந்திரா காந்தி கால்வாய். பராமரிப்பு வேலைக்காக அதைப் பெரும்பாலும் மார்ச் இறுதியிலிருந்து மே வரை வாரக்கணக்கில் அடைப்பது வழக்கம். முதலில் பாசனத் தண்ணீர் நிற்கும், பிறகு குடிநீரும் சில வாரங்களுக்கு நின்றுவிடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ரபி பயிருக்குத் தண்ணீர் விட்டு முடித்த பிறகு, பருத்தி விதைப்புக்கு முன்பு கிடைக்கும் இடைவெளி அதுதான். அந்த இடைவெளியில் வெயில் சுமாராகத்தான் இருக்கும் என்ற பழைய கணக்கில் அமைந்த ஏற்பாடு அது. அந்தக் கணக்குதான் இப்போது செல்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் விதிப்படி, சமவெளியில் "வெப்ப அலை" என்று அறிவிக்க முதலில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதன் பிறகுதான் வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகமா என்று பார்ப்பார்கள். மார்ச் தொடக்கத்தில் ஓர் ஊரில் வழக்கமான வெயில் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நாள் 39 அடிக்கிறது. வழக்கத்தைவிட 8 டிகிரி அதிகம்! ஆனால் விதிப்படி அது வெப்ப அலை இல்லை. அலை இல்லை என்றால் எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கை இல்லை என்றால் வேலை நேர மாற்றமும் இல்லை, பந்தலும் இல்லை, மருத்துவமனையில் கூடுதல் படுக்கையும் இல்லை. உடம்பு பழகாத மாதத்தில்தான் பாதுகாப்பு மிகவும் தேவை. விதி அந்த மாதத்தையே கைவிட்டுவிடுகிறது.

பணம் விஷயத்திலும் இதே கதைதான். 2021–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நிதி விதிகளில், மத்திய அரசின் பட்டியலில் 12 வகைப் பேரிடர்கள் இருந்தன. குளிர் அலை அதில் இருந்தது, வெப்ப அலை இல்லை. மாநிலம் விரும்பினால் தன் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர் என்று சொல்லிச் செலவழிக்கலாம், அவ்வளவுதான். 50 டிகிரியைப் பார்த்த ஒரு நாட்டில் வெயில் ஒரு பேரிடர் இல்லையாம்!

முடியாத காரியமா?

"வருடத்தில் நான்கு மாதம் வெயில் என்றால் நான்கு மாதமும் வேலையை நிறுத்த முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. தினக்கூலிக்காரருக்கு வேலையை நிறுத்துவது அடுப்பை நிறுத்துவதற்குச் சமம். ஆனால் யாரும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றத்தான் சொல்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதன் பிறகு 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி, வேலை நேர மாற்றம் என்று எல்லாம் செலவு குறைந்த வேலைகள்தான். ஆண்டுக்குச் சுமார் 1,100க்கும் மேற்பட்ட உயிர்கள் இதனால் தப்பின என்று மற்றொரு ஆய்வு மதிப்பிட்டது. ஜோத்பூரும் 2023இல் தனக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

செய்ய வேண்டியவை இவைதான்:

1. எச்சரிக்கைக்கு 40 டிகிரி என்ற ஒரே கோடு போதாது. மார்ச் மாதத்துக்கு, வழக்கத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதையே அளவுகோலாக வைக்க வேண்டும்.

2. கோடைக்கால வேலை நேரம் தேதியைப் பார்த்து மாறக்கூடாது, வெயிலைப் பார்த்து மாற வேண்டும். முதல் இரண்டு வாரம் வேலைச் சுமை குறைவாக இருக்க வேண்டும். அதற்காகக் கூலியில் கை வைக்கக்கூடாது.

3. கால்வாயை அடைப்பதற்கு முன்பே ஊர்க் குளங்களும் நீர்த்தேக்கங்களும் நிரம்பியிருக்க வேண்டும். எந்தத் தாணிக்கு, அதாவது எந்தக் குக்கிராமத்துக்கு, எந்த நாளில் லாரித் தண்ணீர் என்பது பிப்ரவரியிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

4. வெப்ப அலையைத் தேசியப் பேரிடராகக் கருதி, புயலுக்கும் வெள்ளத்துக்கும் போல நிதி ஒதுக்க வேண்டும்.

புயல் வந்தால் கூரை பறக்கிறது, வெள்ளம் வந்தால் வீடு மிதக்கிறது, டிவியில் காட்ட படம் இருக்கிறது. வெயிலில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கிழவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே இறந்துபோவார். மாரடைப்பு என்று எழுதிவிடுவார்கள். பாலைவனத்தில் என்றால் அதையும் யாரும் கேட்க மாட்டார்கள். "அங்கே வெயில் சகஜம்தானே" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும்.

உலகின் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் தாரும் ஒன்று. அங்கே வெயில் சகஜம்தான். பங்குனியில் 45 டிகிரி சகஜம் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால்தான் அங்கே உயிர்கள் பிழைக்கும்.